யாருக்கு இந்தத் தீனித்தட்டு?

மார்ச் 20 உலகச் சிட்டுக்குருவி நாள். 2010-இலிருந்து கொண்டாடப்பட்டு வருகிறது. அன்றைக்கு ஐ.டி. கம்பெனிகளின் வரவேற்பறையில் ஒரு மேசை போடுவார்கள். அதன் மேல் அட்டைப்பெட்டிக் கூடுகள், பிளாஸ்டிக் தீனிக்குடுவைகள், பாலிதீன் பையில் கட்டிய தினை. வரிசையில் நின்று வாங்கி, ஒரு போட்டோ எடுத்து, சாயங்காலம் பால்கனிக் கம்பியில் மாட்டிவிட்டால் நம் பங்கு முடிந்தது. நான் வேலை பார்த்த கம்பெனி ஒன்றில் இதற்கு ஒரு கமிட்டியே இருந்தது. விநியோகித்த பெட்டிகளின் எண்ணிக்கையை ஸ்லைடு போட்டுக் காட்டினார்கள். அந்தப் பெட்டிகளில் எத்தனைக்குக் குருவி வந்தது என்று ஸ்லைடு எதுவும் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

பறவைக்குத் தீனி வைப்பதை நான் எதிர்க்கவில்லை. என் பால்கனியில் மிச்சமரத்தில் நானே செய்த ஒரு தீனித்தட்டு இருக்கிறது. அதை எப்படிச் செய்வது என்றும் இதில் சொல்லப்போகிறேன். என் சண்டை வேறு. இந்தத் தட்டு குருவியைக் காப்பாற்றுகிறது என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோமே, அந்தப் பொய்யோடு. தட்டு நமக்காக வைக்கப்படுவது. காலையில் காபி குடிக்கும்போது ஒரு உயிர் நம் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும் என்ற ஆசைக்காக. ஆசையில் தப்பே இல்லை. ஆனால் ஆசையை ஆசை என்று ஒப்புக்கொண்டால்தான் அதைச் சரியாகச் செய்ய முடியும். சேவை என்று பெயர் வைத்துவிட்டால் கணக்கு கேட்க ஆளில்லாமல் போய்விடும்.

1

முதலில் குருவியின் சாப்பாடு. சிட்டுக்குருவி தானியம் தின்னும், எல்லோருக்கும் தெரியும். ஆனால் குஞ்சுகள் முட்டையிலிருந்து வந்த முதல் நாட்களில் தானியத்தால் வளர்வதில்லை. அப்பனும் அம்மாவும் புழு, அசுவினி, சின்னச் சிலந்தி என்று நாள் முழுக்கப் பிடித்து வந்து ஊட்டுகின்றன. குஞ்சுக்கு வேண்டியது புரதம். பூச்சி இல்லாத ஊரில், தட்டு நிறையத் தினை இருந்தாலும் பெரிய குருவி பிழைக்கும், குஞ்சு சாகும்.

மனிதன் இதை மறந்து பெரிய அளவில் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை சீனாவில் நடந்தது. 1958-இல் மாவோ அரசு நான்கு பீடைகளை ஒழிப்போம் என்று கிளம்பியது. எலி, ஈ, கொசுவோடு சிட்டுக்குருவியையும் பட்டியலில் சேர்த்தார்கள், தானியத்தைத் தின்கிறது என்று. ஊரே கூடித் தட்டும் பானையுமாக அடித்து, உட்கார விடாமல் விரட்டிக் கொன்றார்கள். 1960-இல் குருவியின் பெயரை எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். குருவி எவ்வளவு பூச்சி தின்னும் என்பது அதற்குள் வயலில் தெரிந்துவிட்டிருந்தது.

நாம் குருவியை அடித்து விரட்டுவதில்லை. அதன் குஞ்சுக்கான சாப்பாட்டை மாதச் சந்தா கட்டி அழிக்கிறோம். எங்கள் அடுக்ககத்தில் கொசுப்புகை அடிக்க ஒரு கான்ட்ராக்ட், செடிக்கு மருந்தடிக்க இன்னொரு கான்ட்ராக்ட். தரையில் கொரியன் புல், அதைச் சுற்றி ஒரே உயரத்துக்கு வெட்டிய வேலிச்செடி. ஒரு இலையில் ஓட்டை விழுந்தால் வாட்ஸப் குழுவில் படம் வரும்: "தோட்டக்காரரிடம் சொல்லுங்கள், பூச்சி வந்துவிட்டது." அதே குழுவில் மார்ச் 20 அன்று குருவி வாழ்த்து. இந்த இரண்டு செய்திகளையும் சில சமயம் ஒரே ஆள் போடுவார்.

பழைய வீடுகளில் யாரும் குருவிக்கு எதுவும் செய்யவில்லை. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் சந்து இருந்தது. புழக்கடையில் பாத்திரம் கழுவிய பருக்கை இருந்தது. மாட்டுத்தொழுவம், வைக்கோல் போர், முருங்கை, கறிவேப்பிலை, அவற்றில் பூச்சி எல்லாம் இருந்தன. குளிக்க மண்புழுதி இருந்தது. சங்கப் பாடல்களிலேயே வீட்டு இறவாணத்தில் குடியிருக்கும் குருவி வருகிறது. அவ்வளவு காலமாக நம் கவனமின்மையில்தான் அது வாழ்ந்திருக்கிறது. நாம் ஒழுங்கானோம். கான்கிரீட்டில் சந்து இல்லை, கண்ணாடியில் விளிம்பு இல்லை. இப்போது அட்டைப்பெட்டி கொடுக்கிறோம், முதல் மழைக்கே ஊறிப்போகும் அட்டை.

2

"அதெல்லாம் இருக்கட்டும், டவர்தானே காரணம்?" இந்தக் கேள்வி வராத உரையாடலை நான் பார்த்ததில்லை. 2018-இல் வந்த 2.0 படத்துக்குப் பிறகு இது தமிழ்நாட்டில் பொது அறிவாகிவிட்டது. படத்தில் பறவையியலாளர் பக்ஷிராஜன் செல்போன் டவரில் தூக்குப் போட்டுக்கொள்கிறார். திரையரங்கில் அழுதார்கள். அழுதுவிட்டு வெளியே வந்து செல்போனை ஆன் பண்ணினார்கள்.

2020-இல் இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை வெளியானது. நாடு முழுக்கப் பறவை பார்ப்பவர்கள் பதிவு செய்த தரவுகளை வைத்துச் செய்தது. சிட்டுக்குருவி நாடு தழுவிய அளவில் ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, பெருநகரங்களில் குறைந்திருக்கிறது என்றது அறிக்கை. டவர் கதிர்வீச்சுக்கு இப்போதுள்ள சான்றுகள் துணைநிற்கவில்லை என்றும் சொன்னது. டவர் இல்லாத ஊர் இன்று இல்லை. குருவி இருக்கும் ஊர் நிறைய இருக்கிறது. ஒரு பேருந்து நிலையத்துக்கோ அரிசிக்கடைத் தெருவுக்கோ போய்ப் பாருங்கள். மேலே டவர் நிற்கும், கீழே குருவி பொறுக்கிக்கொண்டிருக்கும்.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த மனநிலை நன்றாகத் தெரியும். புரொடக்‌ஷனில் ஏதாவது விழுந்தால் முதல் அரைமணி நேரம் எல்லோரும் ஒரே குரலில் "நெட்வொர்க் பிரச்சனை" என்பார்கள். ஏனென்றால் நெட்வொர்க் டீம் அந்தக் காலில் இருக்காது. நம் கோடை யாரும் திறந்து பார்க்கத் தேவையில்லை. டவரும் அப்படித்தான். யாரோ வைத்தது, எங்கேயோ இருப்பது, நம்மால் நிறுத்த முடியாதது. மருந்தடிக்கும் கான்ட்ராக்ட் அப்படியல்ல. அதில் நம் கையெழுத்து இருக்கிறது.

3

சரி, தட்டு வைத்தாயிற்று. யார் வருகிறார்கள்? நகரத்து அடுக்ககத்தில் ஆறாவது மாடியில் தட்டு நிறையக் கம்பு கொட்டினால் வருவது புறா. குருவி இரண்டு நாள் தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போய்விடும். அப்புறம் ஏ.சி. யூனிட்டுக்குப் பின்னால் முட்டை, பால்கனியில் எச்சம், வீடு முழுக்கத் தூசி. பிறகு புறாவலை போடும் ஆளைக் கூப்பிடுவோம். ஒரே கட்டடத்தில் மேல்வீடு தீனி போடுகிறது, கீழ்வீடு வலை போடுகிறது.

மும்பையில் இது தெருவுக்கே வந்தது. 2025 ஜூலையில் மாநகராட்சி கபூதர்கானாக்களை, அதாவது புறாக்களுக்குத் தீனி போடும் பொது இடங்களை, மூடத் தொடங்கியது. தாதரில் தார்ப்பாய் போட்டு மூடியதை ஆகஸ்டில் கூட்டம் வந்து கிழித்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. ஒரு பக்கம் தலைமுறைகளாக வரும் தர்மம். இன்னொரு பக்கம் நுரையீரல். புறா எச்சத்தின் தூசியைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களில் சிலருக்கு நுரையீரல் அழற்சி வரும். கவனிக்காமல் விட்டால் நுரையீரல் தழும்பேறி மூச்சுக்கே சிரமமாகிவிடும். தீனி போட்டவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. என்ன நடக்கும் என்று கணக்குப் போடாதவர்கள்.

பறவைகளுக்கும் இது நல்லதா என்றால், அதுவும் உறுதியில்லை. அமெரிக்காவில் 1994 முதல் ஹவுஸ் ஃபின்ச் என்ற சின்னப் பறவைக்குக் கண் வீங்கிக் குருடாகும் தொற்று பரவியது. தீனிக்குடுவையில் ஒன்று வாய் வைத்த இடத்தில் அடுத்தது வாய் வைத்ததும் அது பரவிய வழிகளில் ஒன்று. பிரிட்டனில் 2005-க்குப் பிறகு கிரீன்ஃபின்ச் பறவைகள் தொண்டையில் வரும் ஒரு ஒட்டுண்ணி நோயால் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அந்த ஒட்டுண்ணி புறாக்களிடம் நெடுங்காலமாக இருப்பது. 2025-இல் அந்நாட்டின் பெரிய பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆர்.எஸ்.பி.பி., தட்டையான தீனிமேசைகளை விற்பதை நிறுத்திவைத்தது. விற்றுக் காசு பார்க்கும் அமைப்பே நிறுத்தியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

4

இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. பாரதி பற்றி ஒரு கதை சொல்வார்கள். வீட்டில் அரிசி இல்லை. செல்லம்மாள் பக்கத்தில் கடன் வாங்கி வைத்திருந்த அரிசியை அவர் முற்றத்துக் குருவிகளுக்கு இறைத்துவிட்டுப் பூரித்து நிற்கிறார். பள்ளியிலிருந்து மேடை வரை இந்தக் கதை பாரதியின் பக்கம் நின்றுதான் சொல்லப்படுகிறது. நான் செல்லம்மாள் பக்கம் நின்று கேட்கிறேன்: அன்றைக்கு மறுபடி அரிசிக்குப் போய் நின்றது யார்?

அடுக்ககத்தில் அந்த இடத்தில் இருப்பவர் ஹவுஸ்கீப்பிங் அக்கா. ஆறாம் மாடியில் சார் தீனி போடுவார். நாலாம் மாடி கைப்பிடிச்சுவரில் விழுகிற எச்சத்தை அக்கா சுரண்டுவார், மாஸ்க் இல்லாமல், காய்ந்த துடைப்பத்தால். எங்கள் பிளாக்கில் ஒருநாள் நான் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"புறாவாலதான் ரொம்ப வேலையாக்கா?"

"புறா என்னப்பா பண்ணும்? போடறவங்க இருக்காங்க, அது வருது. நம்மகிட்ட யாரு கேட்டுட்டுப் போடறாங்க?"

தீனி போடுகிற கையும் எச்சம் துடைக்கிற கையும் ஒன்றாக இருக்க வேண்டும். என் ஒரே விதி இதுதான். தன் தட்டைத் தானே கழுவத் தயாராக இல்லாதவர் பறவைப் பிரியர் இல்லை. அவர் வேறொருவர் உழைப்பில் ஜீவகாருண்யம் பார்க்கிறவர்.

5

இவ்வளவுக்கும் பிறகும் ஆசை இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. அப்படியென்றால் செய்வோம், கடையில் வாங்காமல். ஆன்லைனில் கிடைக்கும் பிளாஸ்டிக் குடுவை ஒரு வெயில்காலத்தில் நொறுங்கும். 'இயற்கை' என்று பெயர் போட்டு விற்கும் புதுத் தேக்குத் தட்டு இன்னும் மோசம். குருவிக்காக மரம் வெட்டியிருக்கிறார்கள். ஊரில் மிச்சமரத்துக்குப் பஞ்சமே இல்லை. எந்த மரப்பட்டறையிலும் மூலையில் துண்டுகள் குவிந்து கிடக்கும், அடுப்பெரிக்கப் போகும். பழைய வீடு இடிக்கும் இடத்தில் கதவு நிலை, ஜன்னல் சட்டம், ரீப்பர் எல்லாம் கிடைக்கும்.

ஆபீசுக்கு சர்வரும் யு.பி.எஸ்.ஸும் வந்து இறங்கும் மரப்பலகைச் சட்டங்களும் நல்ல சரக்குதான். ஆனால் அதில் சூட்டுக்கோல் போட்டதுபோல் ஒரு முத்திரை இருக்கும், கோதுமைக்கதிர் படத்தோடு. பக்கத்தில் 'எச்டி' என்ற எழுத்துகள் இருந்தால் சூடேற்றிப் பூச்சி நீக்கிய மரம், எடுக்கலாம். 'எம்பி' என்று இருந்தால் மெத்தில் புரோமைடு வாயுவில் வைத்தது, தொடாதீர்கள். எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டும் வேண்டாம்; மழையில் ஊதிப்போகும், அதில் இருப்பது மரத்தூளும் பசையும்.

எனக்குப் பலகை கொடுத்தவர் எங்கள் பகுதியில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி அண்ணன். வேங்கைத் துண்டும் கொஞ்சம் தேக்குச் சட்டமும் எடுத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. மேலே அடிக்க வார்னிஷ் எது நல்லது என்று கேட்டேன்.

"இதுக்கு எதுக்கு தம்பி வார்னிஷு? குருவி என்ன கிரகப்பிரவேசமா பண்ணப் போவுது? உப்புத்தாள் போட்டு சிலாம்பு எடுத்துடு, போதும். கால்ல குத்தாம இருக்கணும், அவ்ளோதான்."

அவ்வளவுதான். செய்முறை இது. அடித்தட்டுக்கு 25 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம் உள்ள பலகை இரண்டு. ஆமாம், இரண்டு, காரணம் பிறகு. ஒவ்வொன்றிலும் 6 மி.மீ. துளைகள் ஏழெட்டு, தண்ணீர் நிற்காமலிருக்க. ஓரத்தில் 2 செ.மீ. உயரச் சட்டம் அடியுங்கள். மூலைகளில் மட்டும் கொஞ்சம் இடைவெளி விடுங்கள், பழைய தானியம் அங்கேதான் தேங்கிப் பூசணம் பிடிக்கும். கூரைக்கு 32-க்கு 28 செ.மீ. பலகை, ஒரு பக்கம் சாய்வாக. தட்டுக்கும் கூரைக்கும் நடுவில் 12 செ.மீ. போதும். நான்கு மூலைக்கும் நான்கு சட்டம். கீழே தட்டு உட்கார இரண்டு ரீப்பர்களைத் தண்டவாளம் மாதிரி அடியுங்கள். தட்டை ஆணி அடிக்க வேண்டாம், இழுப்பறை போல் வெளியே வர வேண்டும்.

அடுத்தது முக்கியமானது. சுற்றிலும் கம்பி. சைக்கிள் கடையில் பழைய ஸ்போக்ஸ் கம்பி சும்மா கிடைக்கும். கூரையிலும் கீழ்ச்சட்டத்திலும் 4 செ.மீ.க்கு ஒரு துளை போட்டு நெட்டுக்குத்தாகச் செருகுங்கள். தட்டு இழுக்கும் பக்கத்தில் மட்டும் கம்பிகளைக் கழற்றும்படி வையுங்கள். குருவி உள்ளே போகும். புறா போகாது, காக்கை போகாது. அணில் போகும். போகட்டும்.

இரண்டு தட்டுக்குக் காரணம்: ஒன்று உள்ளே இருக்கும்போது மற்றது கழுவி வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். நம் தொழிலில் சொல்லும் ஸ்டாண்ட்பை. பிரிட்டன் விஷயத்தைப் படித்தவர்கள் கேட்கலாம், இதுவும் தட்டையான மேசைதானே என்று. ஆமாம். அதனால்தான் கழுவாத தட்டில் தானியம் வைக்கக் கூடாது. அந்தத் தொண்டை ஒட்டுண்ணி ஈரத்தில் வாழும், நன்றாகக் காய்ந்தால் சாகும். நம்மிடம் வெயிலுக்கு என்ன குறைச்சல்? அளவும் முக்கியம். காலையில் ஒரு பிடி கம்போ நொய்யோ போடுங்கள், சாயங்காலத்துக்குள் தீர வேண்டும். மிச்சமிருந்தால் எடுத்துவிடுங்கள், எலிக்கு விருந்து வைக்காதீர்கள். உப்புப் போட்ட சோறு, மிக்சர், பிஸ்கட் எதுவும் வேண்டாம். பக்கத்தில் ஒரு மண்சட்டித் தண்ணீர், அதைத் தினமும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் டெங்குக் கொசு வளர்க்கிறீர்கள், பிறகு கொசுப்புகைக்காரருக்கு நீங்களே காரணமாகிவிடுவீர்கள். கூரையிலோ கம்பியிலோ புறா உட்காரப் பழகிவிட்டால் இரண்டு வாரம் தீனியை நிறுத்துங்கள்.

வெட்டி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். கழுவுவதற்கு வருடத்தின் எல்லா நாளும் வேண்டும். புதிதாக ஒன்றை ரிலீஸ் பண்ண எல்லோருக்கும் ஆசை, மெயின்டனன்சுக்கு ஆள் கிடைப்பதில்லை. அந்த வியாதியோடுதான் நாம் குருவியிடமும் வருகிறோம்.

6

"சின்ன விஷயம்தானே, குழந்தைகளுக்கு இயற்கை அறிமுகமாகுமே, இதைக்கூடக் குறை சொல்லணுமா?" என்று கேட்பார்கள். அறிமுகமாகட்டும். ஆனால் என்ன அறிமுகமாகிறது என்று பாருங்கள். பறவை என்றால் நாம் போடுவதைத் தின்ன வருவது. பூச்சி என்றால் மருந்தடித்துக் கொல்வது. இந்த இரண்டையும் ஒன்றாகக் கற்றுக்கொள்ளும் குழந்தை இயற்கையைப் பற்றி எதையும் கற்கவில்லை. அதே குழந்தை தட்டைக் கழுவட்டும், கறிவேப்பிலைச் செடியில் ஒரு பச்சைப்புழுவைக் கண்டுபிடிக்கட்டும், அதைக் குருவி கொத்திக்கொண்டு போவதைப் பார்க்கட்டும். அப்போது தட்டுக்கு அர்த்தம் உண்டு. தட்டு ஒரு ஜன்னல். அதன் வழியே பார்த்தால் மிச்சமெல்லாம் தெரிய வேண்டும்.

மிச்சம் என்பது இதுதான். பழைய மகாபலிபுரம் சாலையில் நாம் வேலை பார்க்கும் பகுதி பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்திலும், பல இடங்களில் அதன் மேலேயும் எழுந்தது. 2022-இல் ராம்சார் தளமாக அறிவிக்கப்பட்டது சுமார் 1,248 ஹெக்டேர். ஒரு காலத்தில் இதைப் போலப் பல மடங்கு விரிந்திருந்த நீர்நிலையில் எஞ்சியது அது. பக்கத்தில் பெருங்குடிக் குப்பைமேடு. அந்தச் சதுப்பை நம்பி வரும் பூநாரைக்கும் நீர்க்கோழிக்கும் அட்டைப்பெட்டி கொடுக்க முடியாது. அதனால்தான் சதுப்புக்கு நாள் கொண்டாடும் கம்பெனி கிடையாது. குருவி வசதியானது. சின்னது, அழகானது, பால்கனிக்கு வரும், நிலம் கேட்காது.

குருவி கேட்பதும் உண்மையில் நிலம்தான், சின்ன அளவில். வெட்டாத ஒரு மருதாணிப் புதர். மருந்து படாத ஒரு முருங்கை. சிமென்ட் போடாத, புல் நடாத இரண்டடி புழுதி. சுவரில் ஒரு சந்து, அது இல்லையென்றால் அதே மிச்சமரத்தில் 32 மி.மீ. துளையோடு ஒரு கூட்டுப்பெட்டி. அந்தத் துளையில் மைனா நுழைய முடியாது. அறுவடை முடிந்ததும் நெற்கதிரைக் குஞ்சமாகப் பின்னி வாசலில் கட்டும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. குருவி அதைத் தின்னும். அவர்கள் தங்களைப் பறவை ஆர்வலர்கள் என்று சொல்லிக்கொண்டதில்லை. விளைந்ததில் ஒரு பங்கு கொடுத்தார்கள். கதிர் விளைந்த வயலும் பக்கத்திலேயே இருந்தது, குஞ்சுக்கான பூச்சி அங்கே இருந்தது.

ஆகவே தட்டு செய்யுங்கள். மிச்சமரத்தில், வார்னிஷ் இல்லாமல், கம்பி வைத்து. நீங்களே கழுவுங்கள். அதைச் சேவை என்று சொல்லாதீர்கள், ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள். பிறகு உங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்குப் போங்கள். பெரும்பாலும் யாரும் வரமாட்டார்கள், அதனால் உங்கள் குரல் கேட்கும். மருந்தடிக்கும் கான்ட்ராக்ட் எப்போது புதுப்பிக்கப்படுகிறது, எந்த மருந்து, மாதம் எத்தனை முறை, தோட்டத்தில் ஒரு மூலையையாவது அதிலிருந்து விலக்க முடியுமா என்று கேளுங்கள். பாம்பு வரும் என்பார்கள், அசிங்கமாக இருக்கும் என்பார்கள், ரீசேல் மதிப்பு குறையும் என்பார்கள். ஒரு தட்டு மாட்டுவதைவிட இது பல மடங்கு கஷ்டம், யாரும் போட்டோ எடுக்கமாட்டார்கள். ஆனால் குருவிக் குஞ்சு வாழ்வதும் சாவதும் அந்தக் கூட்டத்தின் மினிட்ஸ் புத்தகத்தில்தான் எழுதப்படுகிறது.